தீர்ப்புக்குப் பிறகும் ஒரு வழக்கு: செலவுத்தொகையை யார் வசூலிப்பது?

(சட்டக் கல்லூரி மாணவர்களும் இளம் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தீர்ப்புகளும் சாதியும்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தீர்ப்புகளைப் பற்றிப் பேச நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் தீர்ப்பின் கடைசி வரியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். “வழக்கு செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்யப்படுகிறது” என்று முடியுமே, அந்த ‘செலவுத்தொகையுடன்’ என்ற ஒற்றைச் சொல். என் முனைவர் பட்ட ஆய்வு உரிமையியல் நீதிமன்றப் பதிவேடுகளைப் பற்றியது. ஆனால் இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஆர்வம் வந்தது நூலகத்தில் அல்ல, எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில்.

அதற்கு முன்னால் உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் தண்ணீர் அருந்தியது நமக்குத் தெரியும். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்ததும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் டிசம்பர் 12 அன்று மகாத்தின் சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீது ஒரு சிவில் வழக்குப் போட்டார்கள். அதை நாம் அதிகம் பேசுவதில்லை. குளம் எங்களுக்குச் சொந்தம், தீண்டப்படாதவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது காலங்காலமான வழக்கம் என்று வாதாடினார்கள். இரண்டே நாளில் தற்காலிகத் தடை உத்தரவும் வாங்கினார்கள். டிசம்பர் மாநாட்டில் மறுபடியும் குளத்தில் இறங்கும் திட்டம் அதனால்தான் தள்ளிவைக்கப்பட்டது. மகாத்தில் தோற்றார்கள், மேல்முறையீடு போனார்கள். தாணேயில் தோற்றார்கள், பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1937 மார்ச் 17 அன்று நீதிபதி புரூம்ஃபீல்டு தீர்ப்பு எழுதினார். 1922ல் காந்திக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தாரே, அதே புரூம்ஃபீல்டுதான். அப்படியொரு காலங்காலமான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றார். மேல்முறையீட்டைச் செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்தார்.

ஒரு மிடறு தண்ணீருக்குப் பத்தாண்டு வழக்கு. அந்தப் பத்தாண்டும் அம்பேத்கர் சும்மா உட்கார்ந்திருந்தவர் இல்லை. வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம், சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்று எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் இந்த வழக்கையும் சுமந்தார். தோற்கப்போகும் வழக்கைப் போட்டவர்களுக்கு இதுதான் லாபம். வழக்கு தோற்றாலும் எதிராளியின் காலம் கரையும், காசு கரையும். செலவுத்தொகை என்ற ஏற்பாடு வந்ததே இதைத் தடுக்கத்தான். அநியாயமாக ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுத்தால், தோற்ற பிறகு அவர் செலவை நீதான் கட்டவேண்டும் என்பது விதி.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஒரு வண்டிப்பாதை. ஊர்க்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு ஓரமாகப் போகும். பாதை என் நிலத்தில் இருக்கிறது, இவர்கள் நடக்கக்கூடாது என்று அவர் நிரந்தரத் தடை கேட்டு 2001ல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். பிரதிவாதிகள் நான்கு பேர். இரண்டாவது பிரதிவாதி என் அப்பா. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வாய்தா என்ற சொல்லை வாய்ப்பாட்டுக்கு முன்னால் கற்றுக்கொண்டேன். அப்பா கொத்தனார். வாய்தா அன்று கூலி கிடையாது. பஸ் காசு, டீ, வக்கீல் குமாஸ்தாவுக்கு அம்பது, நகல் எடுக்க நூறு. வெள்ளைச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தரவேண்டியது அம்மாவின் வேலை. போய் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த தேதியோடு திரும்புவார். 2008ல் வழக்கு செலவுத்தொகையுடன் தள்ளுபடி ஆனது. அவர் மேல்முறையீடு போனார். 2011ல் அதுவும் செலவுத்தொகையுடன் தள்ளுபடி.

தீர்ப்பாணையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கும். வக்காலத்து ஸ்டாம்பு, பேட்டா, வக்கீல் கட்டணம், நகல் கட்டணம் என்று வரிசையாக எழுதி அடியில் கூட்டுத்தொகை. இரண்டு கோர்ட்டையும் சேர்த்து எங்களுக்கு வரவேண்டியது 6,895 ரூபாய். பத்து வருடத்துக்கு, நான்கு குடும்பத்துக்கு. அப்பாவின் விட்டுப்போன கூலி அந்தக் கட்டத்தில் எங்கேயும் இல்லை. நீதிமன்றத்தின் கணக்கில் கொத்தனாரின் ஒரு நாளுக்கு விலை கிடையாது.

இது மாறவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005ல் வந்த தீர்ப்பு அது. வென்றவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து நியாயமான உண்மைச் செலவைக் கொடுக்கவேண்டும் என்றது. ஆனால் கீழ்க்கோர்ட்டுகளில் நான் புரட்டிய கட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது வேறொரு வரி: அவரவர் செலவை அவரவரே ஏற்கவேண்டியது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, செலவுத்தொகை தோற்றவரிடம் போகக்கூடாது என்று நீதிபதி நினைத்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதியவேண்டும் என்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் பாருங்கள். பல தீர்ப்புகளில் ஒரு வாக்கியம்கூட இருக்காது.

35ஏ என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. பொய்யான, தொல்லை தருவதற்கென்றே போட்ட வழக்குக்கு இழப்பீட்டுச் செலவு. கேட்க நன்றாக இருக்கிறது. உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? மூவாயிரம் ரூபாய். 1976ல் வைத்த வரம்பு. இன்றைக்கும் அதேதான். ஆனால் எல்லோருக்கும் அதேதான் என்று நினைத்துவிடாதீர்கள். 2015ல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் கொண்டுவந்தபோது, பெரிய வணிகத் தகராறுகளுக்கு மட்டும் அந்த உச்சவரம்பை நீக்கிவிட்டார்கள். செலவுத்தொகை எப்படிக் கணக்கிடவேண்டும் என்பதையும் விரிவாக எழுதி வைத்தார்கள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைப் பொய் வழக்கில் இழுத்தால் வரம்பு இல்லை. சேரிப் பாதையை மறிக்கப் பொய் வழக்குப் போட்டால் மூவாயிரம். நாடாளுமன்றத்துக்கு யாருடைய நேரம் விலை உயர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டுமா?

சரி, 6,895 ரூபாய். அதாவது வந்ததா? வரவில்லை. அவர் கட்டவில்லை, கோர்ட் கேட்கவுமில்லை. உங்களில் சட்டம் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தீர்ப்பு எழுதிய நீதிமன்றம் பணத்தை வாங்கித் தராது. வென்றவர்தான் மறுபடி போய் நிறைவேற்று மனு போடவேண்டும். ஈ.பி. என்பார்கள். அதற்குத் தனி எண், தனி பேட்டா, தனி வாய்தா. இந்தியாவில் வழக்காடுகிறவரின் துன்பம் தீர்ப்பாணை வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே எழுதிவிட்டது. 2025 மார்ச்சில், 1986ல் தமிழ்நாட்டில் தொடுத்த ஒரு வழக்கின் நிறைவேற்று மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், நாடு முழுவதும் எத்தனை நிலுவை என்று உயர் நீதிமன்றங்களிடம் கணக்குக் கேட்டது. அக்டோபரில் வந்த கணக்கு 8.82 லட்சத்துக்கும் மேல். வென்ற பிறகும் காத்திருக்கிறவர்களின் எண்ணிக்கை அது. மனுவே போடாமல் விட்டவர்கள் அதில் சேரமாட்டார்கள்.

எங்கள் வக்கீலும் விட்டுவிடச் சொன்னார். “ஏழாயிரத்துக்கு ஈ.பி. போட்டா பத்தாயிரம் செலவாகும்பா. பாதை கெடைச்சிருச்சில்ல, விட்டுத்தொலை.” மற்ற மூன்று பிரதிவாதிகளுக்கும் அது சரி என்றுதான் பட்டது. அப்பா மட்டும் கேட்கவில்லை. “பணம் கெடக்குது சார். பத்து வருசம் எங்களக் கூண்டுல நிறுத்துனாரு. பொய்யின்னு கோர்ட்டே சொல்லிருச்சு. அவரு ஊருக்குள்ள இன்னும் ‘போனாப் போவுதுன்னு விட்டுக் குடுத்தேன்’னு சொல்லிட்டுத் திரியறாரு. கட்டுனாத்தான சார் தோத்ததா அர்த்தம்?”

அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாவை எனக்குப் புரியவில்லை. பழிவாங்கும் புத்தி என்றுகூட நினைத்தேன். இன்றைக்கு வேறு மாதிரி நினைக்கிறேன். கிராமத்தில் தீர்ப்பு நகலை யாரும் படிப்பதில்லை. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைத்தான் ஊர் படிக்கும்.

2012ல் ஈ.பி. போட்டார். முதலில் அசையும் பொருள் ஜப்தி. அமீனா போனார், வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி பேட்டா கட்டினோம், மறுபடி பூட்டு. மூன்று முறை. பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த வீட்டில் பூட்டையே பார்த்த நினைவில்லை. கட்டளை 21, விதி 41ன்படி சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்டோம். அதற்கு ஒரு வருடம்.

கைது கேட்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஐயாயிரத்துக்கு மேல் இருந்தால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் நாளுக்கெல்லாம் சாப்பாட்டுப் படியை வென்றவர்தான் முன்கூட்டியே கட்டவேண்டும். “நம்மளக் கோர்ட்டுக்கு இழுத்தவனுக்கு நாமளே சோறு போடணுமா?” என்று அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை சட்டத்தில் நல்ல பதில் நான் பார்க்கவில்லை.

கடைசியில் தோப்பில் ஒரு பகுதியை ஜப்தி செய்ய உத்தரவானது. இங்கேதான் நான் உங்களிடம் சொல்லவந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. கட்டளை 21, விதி 54. அசையாச் சொத்தை ஜப்தி செய்யும்போது அந்த உத்தரவை அந்த இடத்திலேயே பறைகொட்டி அறிவிக்கவேண்டும், அல்லது வழக்கத்திலிருக்கும் வேறு முறையில் அறிவிக்கவேண்டும் என்கிறது. 1908 சட்டம். இன்றும் அப்படியே இருக்கிறது. இதற்கென்று தண்டோரா பேட்டாவும் கட்டவேண்டும். கட்டினோம். அமீனா வந்தார். தெருமுனையில் நின்று சாதாரணமாகக் கேட்டார்: “உங்க தெருவுல அடிக்கிறவங்க இருப்பாங்கல்ல, ஒருத்தரக் கூப்டுங்க.”

எங்கள் பெரியப்பா ஊருக்குத் தண்டோரா போட்டவர். ஊர்ச் சாவுக்கு அடித்தவர். அந்த வேலை இனி வேண்டாம் என்று தெருவே கூடி முடிவெடுத்து, பறையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்காக ஊர் ஒதுக்கி வைத்ததையும் தாங்கியவர். என் தலைமுறை பறையைக் கலையாக எடுத்து அடிக்கிறது. எனக்கும் அடிக்கத் தெரியும், பெருமையாகவே அடிப்பேன். ஆனால் அன்றைக்கு அமீனா கேட்டது கலையை இல்லை. நாங்கள் வென்ற வழக்கின் வெற்றியை அறிவிக்க, நாங்கள் விட்டொழித்த அடிமை வேலையைக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். விதியில் பறை இருக்கிறது, பறை என்றால் எந்தத் தெருவுக்குப் போவது என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும், அவ்வளவுதான்.

அப்பா கதவோரம் நின்று சொன்னார்: “அடிக்காம ஜப்தி பண்ண முடிஞ்சாப் பண்ணுங்க. இல்லன்னா விட்டுருங்க.” அவ்வளவு வருடம் விடமாட்டேன் என்றவர் அந்த ஒரு இடத்தில் விடத் தயாரானார். எங்கள் வக்கீலின் ஜூனியர், அப்போதுதான் படித்து முடித்து வந்த பெண், ‘வேறு முறை’ என்ற சொல்லைக் காட்டி அமீனாவிடம் வாதாடினார். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். 2022ல் தமிழ்நாட்டில் தண்டோரா முறையை நிறுத்தவேண்டும் என்று தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ஆட்டோதான் ஞாபகம் வந்தது. நடைமுறைச் சட்டத்தின் விதியில் பறை இன்னும் அப்படியே கிடக்கிறது. அதை நீக்கச் சொல்லி இயக்கங்கள் குரல் கொடுக்கலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் சட்ட மாணவர்கள் ஒரு மனுவாவது எழுதலாம்.

செலவுத்தொகையைக் கூட்டு, கடுமையாக வசூலி என்று மட்டும் பேசிவிட்டுப் போனால் நான் பாதியைத்தான் சொன்னவளாவேன். அதே கத்தி நம் கழுத்துக்கும் வரும். 2009ல் சத்தீஸ்கரின் கோம்பாடில் ஆதிவாசிகள் கொல்லப்பட்டதை விசாரிக்கச் சொல்லி ஹிமான்ஷு குமாரும் பாதிக்கப்பட்ட குடும்பத்தினரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 ஜூலையில் மனு தள்ளுபடி. ஹிமான்ஷு குமாருக்கு ஐந்து லட்சம் செலவுத்தொகை. நான்கு வாரத்தில் கட்டவில்லையென்றால் வசூல் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே தீர்ப்பிலேயே எழுதினார்கள். கட்டமாட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். கவனியுங்கள், பொய் வழக்குப் போட்ட தோப்புக்காரரிடம் வசூலிக்க மூவாயிரம் வரம்பு, தனி மனு, தனி பேட்டா. நீதி கேட்டுப் போனவரிடம் வசூலிக்க வழி தீர்ப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. பஞ்சமி நிலத்தை மீட்க வழக்குப் போட நினைக்கும் ஒருவருக்கு, தோற்றால் எதிராளியின் சீனியர் வக்கீல் கட்டணம் முழுக்க உன் தலையில் என்று சொன்னால் அவர் படியேறுவாரா?

அதனால் தோற்றுவிட்டால் நமக்கிருக்கும் பாதுகாப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 60ஆம் பிரிவின்படி சமையல் பாத்திரம், உடுப்பு, படுக்கை, கைவினைஞரின் கருவிகள், கூலித் தொழிலாளியின் கூலி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. அப்பாவின் கரண்டியையும் ரசமட்டத்தையும் யாரும் தொட முடியாது. பண பாக்கிக்காகப் பெண்களைக் கைது செய்யக்கூடாது. இரண்டாயிரத்துக்கு உட்பட்ட தொகைக்கு யாருக்கும் சிறை கிடையாது. கட்ட வழியில்லாத ஏழையைச் சிறையில் போடுவது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று 1980லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதியிருக்கிறார். அமீனா வாசலில் நிற்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது. முன்கூட்டியே தெருவில் பேசி வைக்கவேண்டும்.

வென்றவர்களுக்கு என்ன செய்யலாம்? நான் நெடுநாளாக யோசிக்கும் ஒன்று உண்டு. நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் வறியவர் என்று மனுப்போட்டு வழக்கு நடத்தக் கட்டளை 33 இடம் தருகிறது. அந்த வழக்கு முடிந்ததும், அரசுக்கு வரவேண்டிய கட்டணத்தை அரசு எப்படி வசூலிக்கிறது? ஈ.பி. போட்டு அமீனா பின்னால் அலைவதில்லை. அதே கட்டளையின் 14ஆம் விதிப்படி தீர்ப்பாணையின் நகலை நீதிமன்றம் உடனே ஆட்சியருக்கு அனுப்பவேண்டும். அவர் அதை நில வரி பாக்கியைப்போல வசூலிக்கலாம். ஆக, வழி தெரியாமல் இல்லை. தனக்கு வரவேண்டியதற்கு அரசு ஒரு ராஜபாட்டை போட்டு வைத்திருக்கிறது. தலித்துகள், பழங்குடியினர், வறியவர்கள் வென்ற வழக்கின் செலவுத்தொகையையும் அதே பாட்டையில் ஏன் அனுப்பக்கூடாது? வன்கொடுமை வழக்கில் சாட்சிக்குப் போகிறவர்களுக்குப் பயணப்படியும் தினப்படியும் மாவட்ட நடுவரான ஆட்சியரே தரவேண்டும் என்று 1995 விதிகளில் இருக்கிறது. சரியாகக் கொடுக்கிறார்களா என்பது தனிச் சண்டை. ஆனால் விதி இருக்கிறது. சிவில் பக்கம் அப்படி எதுவுமே இல்லை.

அது வரும்வரை கையிலிருப்பதைப் பயன்படுத்துங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். நிறைவேற்று மனுவும் ஒரு வழக்கு நடவடிக்கைதான், அதற்கும் கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதில்லை. அனுப்பிய நோட்டீஸ், தட்டச்சு, சாட்சியை அழைத்துவந்த செலவு இவற்றையெல்லாம் செலவுத்தொகையில் சேர்க்கக் கட்டளை 20ஏ இடம் தருகிறது. ரசீதுதான் இருக்காது. டீக்கடை ரசீது தராது, ஆட்டோ ரசீது தராது, ஆனால் டைப்பிஸ்ட் தருவார், தபால் நிலையம் தரும். முதல் வாய்தாவிலிருந்தே ஒரு கவரில் போட்டு வையுங்கள். பன்னிரண்டு வருடம் வரை நிறைவேற்று மனு போடலாம். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய தீர்ப்பாணைகள் இருக்கலாம், ஊருக்குப் போகும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அரசிடமிருந்து வரவேண்டியது என்றால் மட்டும் தீர்ப்பாணைக்குப் பிறகு மூன்று மாதம் காத்திருந்துதான் நிறைவேற்ற முடியும், 82ஆம் பிரிவு.

எங்கள் கதையை முடிக்கவில்லையே. ஆட்டோ மைக் ஊருக்குள் போய்வந்த மறு வாரம் தோப்புக்காரரின் மகன் பணத்தோடு கோர்ட்டுக்குப் போனார். எங்கள் தெரு அவர் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். கோர்ட் இருபத்திரண்டு கிலோமீட்டர். நேரில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கலாம். என் அப்பாவின் கையில் பணத்தை வைக்காமலிருக்க, 22 கிலோமீட்டர் போய்க் கோர்ட்டில் டெபாசிட் செய்தார். அதை வெளியே எடுக்க நாங்கள் இன்னொரு மனுப் போட்டோம். செக் வர நாலரை மாதம். 2015 ஆகிவிட்டது.

நிறைவேற்றச் செலவையும் சேர்த்து வந்ததை அப்பா நான்காகப் பிரித்தார். மூன்றாவது பிரதிவாதி அதற்குள் இறந்துவிட்டார். அவர் பங்கை அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். என்ன பணம் என்று அந்தம்மா கேட்டார். “பாதை கேசு” என்றார் அப்பா. அந்தம்மா எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, “கட்டிட்டானா அவன்?” என்று மட்டும் கேட்டார்.